மேகாங் கரையில் கட்டிய காப்பு

பிப்ரவரி 2, பாக்சே

கூட்டுறவு பாங்கில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. இதுவரை கோலப் புள்ளி போட்டுப் பார்க்கத்தான் ஆகியிருக்கிறது. இந்த வருஷம் நாடு விட்டு நாடு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் நேரம்.

லாவோஸ் என்று ஒரு நாடு இருப்பதே பொங்கலுக்கு மறுநாள்தான் எனக்குத் தெரியும். சுகந்தி வந்து, “அத்தை, பாஸ்போர்ட் சும்மாதான கெடக்கு, ஒரு இடம் போயிட்டு வருவோமா?” என்றாள். அந்த பாஸ்போர்ட் செந்தூர் எடுத்துக் கொடுத்தது. சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பது எனக்குத் தெரியாதா? இந்தப் பெண் பெட்டி கட்டியபோதே ஏதோ சேதி இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இருந்தாலும் கிளம்பி வந்துவிட்டேன்.

சுகந்தி என் மருமகள். செந்தூர் என் ஒரே மகன். பைக்கில் ஆபீஸ் போனவன் வீடு திரும்பாமல் நாலு வருஷம் ஆகிறது. அந்த வருஷமே ஏரல் வீட்டைப் பூட்டிவிட்டு மெட்ராஸ் வந்து பள்ளிக்கரணையில் அவளோடு இருந்துகொண்டேன். பெற்றவர்கள் இல்லாத பிள்ளை, அவளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று ஊரில் சொன்னேன். யாருக்கு யார் துணை என்பது வேறு விஷயம்.

பாக்சே ஆற்றங்கரை ஊர். கரையில் நின்று மேகாங்கைப் பார்த்தால் எங்கள் தாமிரபரணி இதற்குப் பேத்தி முறை ஆகும் போலிருக்கிறது. வழிகாட்டியின் பெயர் கம்லா. கமலா என்று நினைத்து ஏர்போர்ட்டில் ஒரு பெண்பிள்ளையைத் தேடிக்கொண்டு நின்றேன். வந்தது தொப்பி வைத்த மனுஷர். சுகந்தியிடம் இங்கிலீஷ், என்னிடம் சிரிப்பு.

தயாளன் மூன்று தடவை போன் செய்தார். சுகந்தியோடு வேலை பார்க்கிறவர். ஆபீஸ் விஷயமாம். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆபீஸோ! நான் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3

கொடியில் போட்ட சேலை அரை மணியில் காய்ந்துவிட்டது. நல்ல ஊர். போன் நாலு தடவை.

பிப்ரவரி 4, சம்பாசக்

இன்று மலைக்கோயில். வாட் பூ என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சிவன் கோயிலாம். மலை உச்சியே லிங்கம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. பாறையிலிருந்து ஊற்று ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கிறது, அந்தக் காலத்தில் அது நேரே லிங்கத்தின் தலையில் விழும்படி வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இப்போது கருவறையில் காவித் துணி போர்த்திய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். குடியிருக்கிறவர் மாறினால் என்ன, வீடு வீடுதானே. இடுப்பில் சொருகியிருந்த திருநீற்றுப் பையை எடுத்து வாசலில் ஒரு சிட்டிகை வைத்தேன். பூ விற்கிற அம்மாள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அவளுக்கும் சம்மதம்.

படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இரண்டு பக்கமும் கள்ளி மந்தாரை மரங்கள், உதிர்ந்த பூவை மிதிக்காமல் ஏறுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி வழியில் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“மூச்சு வாங்குதுட்டி. சொல்லுததெல்லாம் கீழ எறங்கிச் சொல்லு.”

கீழே இறங்கினோம். “அத்தை, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“பசிக்கி. மொதல்ல திங்க ஏதாவது வாங்கிக் குடு.”

தின்றோம். காரில் ஏறியதும் நான் தூங்கிவிட்டேன். தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மேலே சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்ல? “இந்தப் பிள்ளை சொல்ல வருகிறதை இன்னும் கொஞ்ச நாளைக்குச் சொல்லவிடாமல் பார்த்துக்கொள்” என்று வேண்டினேன். சிவனுக்குக் கேட்டதா, புத்தருக்குக் கேட்டதா, தெரியவில்லை.

பிப்ரவரி 5, ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு

இரண்டு தோணியைச் சேர்த்து மேலே பலகை அடித்திருக்கிறார்கள். அதில்தான் கம்லாவின் மோட்டார் பைக், பெட்டி, நாங்கள், இரண்டு கோழி, எல்லாம் ஒன்றாக அக்கரை சேர்ந்தோம். அரை ஊருக்கு மணல்திட்டு. அப்புறம் தென்னை, புளி, வயல், கால் ஊன்றி நிற்கிற மரவீடுகள்.

தங்குகிற வீட்டுக்காரி புன்மி. என் வயசுதான் இருக்கும். இங்கே வயசானவளை மே என்று கூப்பிடுகிறார்கள், அம்மா என்று அர்த்தமாம். மே புன்மி. புருஷன் இல்லை. ஒரே மகள் பிம்பா. போன மாசம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, மாப்பிள்ளை தாய்லாந்தில் வேலை பார்க்கிறான்.

கம்லா எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். புன்மி என்னையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

“என்னமாம்?”

“நானும் நீங்களும் ஒரே சாடையா இருக்கோமாம். அம்மாவும் பொண்ணும்னு கம்லா சொல்லி வச்சிருக்கார்.”

“அது என்ன பேச்சு? மக இல்ல, மருமகள்னு வெவரமாச் சொல்லு. எம்மகன் பொண்டாட்டின்னு சொல்லு.”

சுகந்தி சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போனாள்.

சாப்பாடு மூங்கில் கூடையில் ஒட்டுகிற சோறு. கையால் பிட்டு, உருட்டி, துவையலில் தொட்டுத் தின்ன வேண்டும். கரண்டி கொடுத்துக் கழுத்தறுக்காத ஊர், பிழைத்தோம்.

பிப்ரவரி 6

சாயங்காலம் புன்மி வீட்டில் ஊரே கூடியது. என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் கம்லா, “உயிரைக் கூப்பிட்டுக் கட்டுகிற சடங்கு, விருந்தாளிகளும் உட்கார வேண்டும்” என்றாராம். சுகந்திக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

வாழையிலையைக் கூம்பு கூம்பாகச் சுருட்டிக் கேந்திப்பூ குத்திக் கோபுரம் மாதிரி ஒரு தட்டு. அதில் வெள்ளை நூல்கள் தொங்குகின்றன. சுற்றி அவித்த முட்டை, சோறு, பழம், ஒரு பாட்டில் சரக்கும் உண்டு. சாமியாடி மாதிரி ஒரு பெரியவர் ராகம் போட்டுக் கூப்பிடுகிறார். மனுஷனுக்கு முப்பத்திரண்டு உயிராம். ஒன்று காட்டுக்குப் போய்விடும், ஒன்று ஆற்றங்கரையில் நின்றுவிடும், எல்லாவற்றையும் வா வா என்று அழைத்து உடம்போடு கட்டுகிறார்களாம். எனக்கு ஒரே ஒரு உயிரை வைத்துக்கொண்டே பெரும்பாடாக இருக்கிறது.

பிறகு ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டில் நூல் கட்ட ஆரம்பித்தார்கள். நூல் நுனியால் கையை வெளிப்பக்கமாகத் தடவுவது, கெட்டதெல்லாம் போகட்டும் என்று. உள்பக்கமாகத் தடவுவது, நல்லது வரட்டும் என்று. அப்புறம் முடிச்சு. என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

“ஏட்டி, நான் தாலி அறுத்தவள்னு சொல்லு. எனக்குக் கட்டக் கூடாது.”

சுகந்தி சொல்லவில்லை. சொல்லியும் பிரயோஜனமில்லை, முதல் நூலோடு எதிரே உட்கார்ந்திருந்த புன்மியும் அறுத்தவள்தானே. என் கையை அவளே இழுத்துக் கட்டினாள். அப்புறம் சுகந்தியின் கையில் கட்டினார்கள். பிம்பாவுக்கு முழங்கை வரைக்கும் நூல்.

நாலு வருஷமாகச் சுகந்தி அந்தக் கையில் ஒரு கண்ணாடி வளையல்கூடப் போட்டதில்லை. நான் சொல்லித்தான் பார்த்தேன், கேட்கவில்லை. அன்று அவள் கழுத்திலிருந்து தாலியைக் கழற்றியது என் கைதான். வேறு யாரையும் தொடவிடவில்லை. இன்று அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புன்மி ஒரு நூலை என்னிடம் கொடுத்துச் சுகந்திக்குக் கட்டு என்று சைகை காட்டினாள். எனக்குக் கை வரவில்லை. நூலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. தெற்கே இன்னும் பெரிய தீவுகள், அருவி எல்லாம் இருக்கிறதாம். பெட்டியைத் தூக்கக் கம்லா வந்தார்.

“நான் வரல்ல” என்றேன்.

“ஏன் அத்தை? உடம்புக்கு முடியலையா?”

“காப்புக் கட்டியிருக்குலா. எத்தன நாளைக்கு இருக்கணும்னு அவருட்ட கேளு.”

மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும், அறுக்கக் கூடாது, பிறகு அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் கம்லா.

“பாத்தியா! நம்ம அம்மன் கோயில் கொடையிலயும் இதான முறை. காப்புக் கட்டிட்டா ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா சாமி குத்தம்.”

“அத்தை, இது லாவோஸ். நம்ம அம்மன் எல்லாம் இங்க வரமாட்டா. விசா வேணும்.”

“அம்மனுக்கு எதுக்குட்டி விசா? வாயக் கழுவு.”

கம்லா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சுகந்தி கெஞ்சினாள், முறைத்தாள், கடைசியில் சிரித்தாள். தெற்கே பிடித்திருந்த ரூமை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். கம்லாவும் பக்கத்து வீட்டில் பாயைப் போட்டுவிட்டார்.

இந்தத் தீவில் சுகந்தியின் போன் எடுக்காது. அதை நான் முந்தாநாளே கவனித்திருந்தேன் என்பதற்கும் காப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வெள்ளிக்கிழமையாயிற்றே, சுகந்தியை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். சீயக்காய்க்கு எங்கே போக? புன்மி ஒட்டரிசி கழுநீரைப் புளிக்கவைத்து வைத்திருந்தாள், அதை ஊற்றி அலசினால் முடி பட்டு மாதிரி ஆகிறது. காதோரம் நாலைந்து நரை. முப்பத்தைந்து வயசுக்கு இது என்ன அவசரம்?

“அத்தை, இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க...”

“வாய மூடு, எண்ணெ உள்ள போயிரும்.”

பொழுது சாய்கிறபோது அவள் மணல்திட்டில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். தொலைவாகப் போய்விட்டாள். நின்றாள். போனைப் பார்த்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை. புன்மி கையை விரித்து ஏன் என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்று தடவிக் காட்டினேன்.

பிப்ரவரி 8

இதை எப்படி எழுத? நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்ததும் புன்மிக்கு மீன் குழம்பு வைத்துக் காட்டலாம் என்று புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பிம்பா பையை மாட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போகிறாள். பின்னாலேயே புன்மி ஒரு கூடையில் சோறு கட்டி எடுத்துப் போகிறாள். பிம்பா கையில் காப்பு அப்படியே இருக்கிறது, முழங்கை வரைக்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புளிக்கையோடு ஓடினேன். அதற்குள் அவள் தோணியில் ஏறிவிட்டாள். நான் சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏ புள்ள, எறங்கு! காப்புக் கட்டிட்டு எங்க போற? ஏ புன்மி, நீயெல்லாம் ஒரு தாயா? கல்யாணமான புள்ளய எல்லை தாண்ட விடுத, ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்வ?”

தோணிக்காரன் பயந்துபோனான். கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சுகந்தியும் கம்லாவும் ஓடி வந்தார்கள். கம்லா புன்மியிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார், அதைச் சுகந்தி எனக்குச் சொன்னாள்.

“அத்தை, கயிற விடுங்க. இங்க இது ஊர்ல தங்குறதுக்குக் கட்டுறது இல்லையாம். போறவங்களுக்குக் கட்டுறதாம். எங்க போனாலும் உயிர் பாதியில நின்னுடாம அவங்ககூடவே போய்ச் சேரணும்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் தன் கையில் இருந்த நூலைப் பார்த்தாள்.

“அப்போ முந்தாநாள் ஊரக் கூட்டுனது இவள அனுப்பவா?”

“ஆமா அத்தை. இன்னைக்கு அவ புருஷன்கிட்ட போறா. இனிமே அங்கதான்.”

“புன்மிக்கு வேற புள்ள?”

“இல்லையாம்.”

கயிற்றை விட்டுவிட்டேன். பிம்பா குனிந்து என் புளிக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோணி போனது. புன்மி சிரித்த முகமாகவே நின்றாள், நடு ஆறு தாண்டும்வரை கையை ஆட்டினாள். அப்புறம்தான் மணலில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சொல்வதற்கென்ன, எனக்காகவும்தான் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுகந்தியைக் கூப்பிட்டேன்.

“என்னமோ சொல்லணும் சொல்லணும்னியே. இப்ப சொல்லு.”

அவள் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாள்.

“சரி, நானே கேக்கேன். அந்தத் தயாளன் நல்லவரா?”

“அத்தை...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. குடிப்பாரா? கோவக்காரரா?”

“இல்ல அத்தை. ரொம்பப் பொறுமை. ஒரு வருஷமா கேட்டுட்டே இருக்கார், நான்தான் பதில் சொல்லாம இருக்கேன். இப்ப அவருக்கு ஹைதராபாத் மாத்தல். நீங்களும் எங்ககூட வரணும்னு அவரே சொல்றார். நீங்க வரலைன்னா நானும் போகல. இதைக் கேக்கத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். வீட்ல கேக்க முடியல. செந்தூர் போட்டோ இருக்கு.”

என்னத்தைச் சொல்ல! போட்டோவுக்குப் பயந்து கடல் தாண்டி வந்திருக்கிறது பிள்ளை.

“கோட்டிக்காரி. அவன் இருந்தா மொதல்ல சம்மதிக்கிறவன் அவன்தான்.”

“அப்ப நீங்க வருவீங்களா?”

“அது நல்லா இருக்காதுட்டி. புதுசா குடித்தனம் போடுத எடத்துல பழைய மாமியா என்னத்துக்கு? ஏரல்ல வீடு இருக்கு. ஆறு இருக்கு. தாழ்ப்பாளுக்கு எண்ணெ விட்டாப் போதும். தீபாவளிக்கு ரெண்டு பேரும் வாங்க.”

“உங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?”

“இந்தா இவ அனுப்பலையா? நான் என்ன இவளுக்குக் கொறஞ்சவளா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். நூல் அப்படியே இருந்தது. அவள் கையைப் பிடித்து வெளிப்பக்கமாகத் தடவினேன், கெட்டதெல்லாம் போகட்டும். உள்பக்கமாகத் தடவினேன், நல்லது வரட்டும். முடிச்சுப் போடும்போது கையில் இருந்த புளி வழுக்கியது. புன்மி ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிட்டு வா தாயி” என்றேன்.

சுகந்தி என் மடியில் விழுந்து அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு அவளும் புன்மியிடம் ஒரு நூல் வாங்கி என் கையில் கட்டினாள். எனக்கு எதற்கு, நான் எங்கே போகப்போகிறேன் என்றேன். இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

மீன் குழம்பு புன்மிக்குப் பிடித்துவிட்டது. காரத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மூன்று தடவை வாங்கித் தின்றாள்.

பிப்ரவரி 9, பாக்சே

புன்மி கரைவரை வந்தாள். என்னை மே பூரணம் என்று கூப்பிட்டாள். என் பெயரை ஒருத்தர் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

அக்கரையில் கால் வைத்ததும் சுகந்தியின் போன் விடாமல் அடித்துக்கொண்டது. பாக்சே வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. தயாளனிடம் நானே பேசுவது முறை. ஆனால் யார் என்று சொல்லிப் பேசுவது? செந்தூரின் அம்மா என்று ஆரம்பித்தால் அவர் என்ன பதில் சொல்லுவார், பாவம். சுகந்தியின் மாமியார் என்றால் கல்யாணம் பேசுகிற இடத்தில் அது என்ன உறவு? சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் கலெக்டர் வரைக்கும் பதில் சொன்ன வாய், இதற்குத் திணறியது.

ஓட்டல் வாசலில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, “போனைப் போட்டுக் குடு” என்றேன். சுகந்தி போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் அவசர அவசரமாக, “சுகந்தி, எங்க போயிட்ட? நாலு நாளா...” என்று ஒரு குரல்.

“தம்பி, நான் சுகந்தியோட அம்மா பேசுதேன்” என்றேன்.

பக்கத்தில் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மெதுவாக, “சொல்லுங்கம்மா. சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை. பங்குனியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

நூல் கட்டி மூன்று நாள் ஆகிவிட்டது, அவிழ்த்துவிடலாமா அம்மா என்று சுகந்தி கேட்டாள். அத்தை என்று சொல்லவில்லை, கவனித்தேன். அவளுடையதை ஒவ்வொன்றாக நானே அவிழ்த்து, நான் கட்டியதை மட்டும் விட்டுவைத்தேன். என் கையில் அவள் கட்டியதும் இருக்கிறது. ஏரல் போய்ச் சேரும்வரை கிடக்கட்டும். தனியாகப் போகிறவளுக்கும் உயிர் கூடவே வர வேண்டும் அல்லவா.